சந்தாப் பதிவேடு யார் பூட்டுக்குள்?

சங்கங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நல்லது. அங்கத்தினர் பெயர், சந்தாக் கணக்கு, கூலி பாக்கி, வழக்குக் கட்டு, எல்லாம் அதில் ஏறுகின்றன. எங்கே ஏறுகின்றன என்று கேட்டால்தான் பல தோழர்களுக்குப் பதில் தெரிவதில்லை. "பிரௌசரைத் திறந்தால் இருக்கிறது" என்கிறார்கள். இருப்பது வாஸ்தவம். யாருடைய இடத்தில் இருக்கிறது?

பிரௌசர் வழியாக வேலை செய்யும்போது, எழுதும் கருவியும் எழுதிய கணக்கும் எங்கோ தூரத்திலுள்ள கம்பெனியின் யந்திரத்தில் இருக்கின்றன. நம் மேஜை மீதிருப்பது வெறும் ஜன்னல். கம்ப்யூட்டரிலேயே ஏற்றிக்கொண்ட மென்பொருளானால் இரண்டும் சங்கக் கட்டிடத்துக்குள் இருக்கும். தன் பங்கு நெல்லை மிராசுதாரின் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, "வேண்டும்போது அளந்து தருவார்" என்று கையை வீசிக்கொண்டு வீடு திரும்பியவன் உண்டா? தஞ்சைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.

"வீண் பயம்! இலவசமாகக் கிடைக்கிறது, செல்போனிலேயே பார்க்கலாம், நாலு கிளைத் தோழர்கள் ஒரே தாளில் எழுதலாம்" என்று சிலர் வாதாடுகிறார்கள். வசதியை நாம் மறுக்கவில்லை. மாநாட்டு நோட்டீஸை நாலு பேர் கூடித் திருத்த அதைவிடச் சுலபமான வழியில்லை. நாமும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் நோட்டீஸ் எப்படியும் நாளை சுவரில் ஒட்டப்போவது. அங்கத்தினர் பட்டியலை எந்தச் சுவரில் ஒட்டுவோம்?

பயம் வீணா என்று பார்ப்போம். 2017 அக்டோபர் 31 அன்று கூகிள் டாக்ஸில் எழுதி வைத்திருந்த சிலர், தங்கள் சொந்தத் தாளையே திறக்க முடியாமல் திகைத்தனர். விதிமீறல் என்று யந்திரம் தவறாக முத்திரை குத்திவிட்டதாம். கம்பெனி பிறகு மன்னிப்புக் கேட்டது. 2025 ஜூலையில் நடந்தது இதைவிடப் பெரிது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெப்டுக்குப் பங்குண்டு. ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும் மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சல் முதலியவற்றை நிறுத்திவிட்டது. ஆலை நம் மண்ணில், தடை ஐரோப்பாவில், சாவி அமெரிக்கக் கம்பெனியிடம்! டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே சேவை திரும்பியது. பணம் கட்டிய பெருமுதலாளிக்கே இந்தக் கதியென்றால், காசு கட்டாமல் திண்ணையில் ஒண்டியிருக்கும் சங்கம் எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?

கம்பெனி ஒழுங்காக இருந்தாலும் சர்க்கார் இருக்கிறது. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. யாரைக் காணோம், எவர் வீட்டுக்குத் தகவல் சொல்வது என்று பட்டியல் தேவைப்படும் நாள் அதுதான். அன்று பிரௌசர் எதைக் காட்டும்?

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். அடோபி கம்பெனியின் மென்பொருள் கம்ப்யூட்டரில்தான் ஏறுகிறது. ஆனால் சந்தா கட்டினால்தான் உயிர். 2019 அக்டோபரில், அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவைக் காட்டி, வெனிசுலா ஜனங்களின் கணக்குகள் முடக்கப்படும் என்று அது அறிவித்தது. கட்டிய பணமும் திரும்பாது என்று முதலில் சொன்னது! எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, தன் சர்க்காரிடம் அனுமதி வாங்கித் தொடர்ந்தது.

ஆகவே நாம் சொல்வது லிப்ரே ஆபீஸ் போன்ற சுதந்திர மென்பொருளை. 2010-ல் தொடங்கிய இது பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இணையம் வேண்டாம், சந்தா இல்லை, பிரதி எடுத்துப் பக்கத்துச் சங்கத்துக்குக் கொடுப்பதும் குற்றமில்லை. தமிழிலேயே வேலை செய்யலாம். கற்றுக்கொள்ள ஒரு வாரம் கஷ்டப்பட வேண்டியிருக்கும், அவ்வளவே.

கம்ப்யூட்டர் கெட்டால், களவு போனால், போலீஸ் தூக்கிப் போனால்? நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கடவுச்சொல்லால் பூட்டி, ஒன்றைச் சங்கக் கட்டிடத்துக்கு வெளியே வையுங்கள். அவ்வப்போது திறந்தும் பாருங்கள். நாம் அறிந்த ஒரு கிளையில் பென் டிரைவ் பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பொருளாளர் வீட்டுக் கல்யாணப் போட்டோக்கள் மட்டுமே இருந்தன.