ரெய்டர் ஜோக் சொல்ல வரல

பிளேஸ்மென்ட் சீசனுக்கு முன்னாடி நடக்கும் மாக் இன்டர்வியூவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹாபீஸ் என்ன?" பாட்டு கேட்பது, புத்தகம் படிப்பது என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நான் உண்மையைச் சொன்னேன். ஸ்டாண்ட்அப் காமெடியை நேரில் போய்ப் பார்ப்பேன். ஈசிஆர் ஓரத்து ஊர்களில் நடக்கும் கபடி, வாலிபால் மேட்ச்களைப் போட்டோ எடுப்பேன். எதிரில் இருந்த சீனியர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். சும்மா சிரிச்சு வச்சேன். சம்பந்தம் இருக்கு. அது கொஞ்சம் அசிங்கமான சம்பந்தம் என்பதால் அங்கே சொல்ல வாய் வரவில்லை.

முதலில் காமெடி. நம்மில் பாதிப் பேர் ஸ்டாண்ட்அப்பைப் பார்த்ததே போனில்தான். 2017-இல் அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மதராசி டா', 2019-இல் அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்', 2020 லாக்டவுனில் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்று அமேசான் பிரைமில் வரிசையாக வந்தன. எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்கும்போது நாம் சிரிப்பதில்லை, மூக்கால் கொஞ்சம் காற்று விடுகிறோம், அவ்வளவுதான். அதே ஜோக்கை நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த அறையில் கேட்டுப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பதைப் பார்த்தே நமக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

எனக்குப் பெரிய ஷோவை விட ஓபன் மைக் பிடிக்கும். ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் சொதப்புவார்கள். ஒருத்தர் மாமியார் ஜோக் ஒன்று சொன்னார், ஒரு சத்தம் இல்லை, ஏசி ஓடுவது கேட்டது. அடுத்த மாதம் அதே ஜோக்கை மாமியாரை எடுத்துவிட்டுத் தன்னையே அதில் வைத்துச் சொன்னார். அறை அதிர்ந்தது. கோட் எழுதி, எரர் வந்து, ஒரு வரியை மாற்றி ரன் பண்ணி ஓடும்போது வரும் சுகம் இருக்கே, அதை அன்றைக்கு இன்னொருத்தர் முகத்தில் பார்த்தேன்.

இப்போது க்ரவுட் வொர்க் காலம். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் "என்ன ப்ரோ பண்றீங்க?" என்று கேட்டு, "மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" என்று அவர் சொன்னதும் மொத்த அறையும் சிரிக்கும் சமாச்சாரம். இன்ஸ்டாவில் வருகிற ஸ்டாண்ட்அப் கிளிப்புகளில் ஏகப்பட்டது இதுதான். காரணமும் எளிது. மாதக்கணக்கில் எழுதிய ஜோக்கை நெட்டில் போட்டுவிட்டால் அடுத்த ஊர் ஷோவில் அது செல்லாது. க்ரவுட் வொர்க் அன்றைக்கே பிறந்து அன்றைக்கே முடிவது, அதனால் தைரியமாகப் போடலாம். சரி, அந்த முதல் வரிசைக்காரர்? அவர் நாற்பது பேர் சிரிப்பதற்குத்தான் சம்மதித்து உட்கார்ந்தார். நாலு லட்சம் பேருக்கு இல்லை. டேவ் சாப்பெல், கிறிஸ் ராக் மாதிரி ஆட்கள் தங்கள் ஷோவுக்கு வருகிறவர்களின் போனை யோண்டர் என்ற பூட்டுப் பையில் போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஜோக் திருட்டுப் போகக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. ஆனால் அந்தப் பூட்டு முதல் வரிசைக்காரரையும் சேர்த்தே காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றும்.

அப்படி அறைக்குள்ளே போனை எடுக்காத நான், மைதானத்துக்கு வந்தால் கேமராவைக் கீழே வைப்பதே கிடையாது. ஒரு சீனியரிடம் தவணையில் வாங்கிய பழைய கேமரா, ஒரு 55-250 லென்ஸ், அப்புறம் பிளாஸ்டிக் பாடி 50 எம்எம் ஒன்று.

மரக்காணம் பக்கம் சாயங்காலம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வெளிச்சம் கீழேயிருந்தும் வரும். உப்புப் பாத்தியும் உப்புக் குவியலும் வானத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கேமரா மீட்டர் இதில் ஏமாந்துபோகும். இவ்வளவு வெள்ளையா என்று பயந்து எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். உப்பு சிமென்ட் கலரில் விழும், ஆளின் முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றி வைத்தால்தான் உப்பு உப்பாகத் தெரியும். திரும்பி வந்ததும் லென்ஸைத் துடைக்கணும். அந்தக் காற்று கண்ணாடியையும் விடாது, திருகாணியையும் விடாது.

அங்கிருந்து தெற்கே பாண்டி ரூட்டில் வந்தால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும், கோயிலைச் சுற்றி யாரும் வெட்டாமல் விட்டு வைத்த காடும் உள்ள ஊர். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் போகிறவர்கள் கிடா வெட்ட வந்த வேன்களின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழர் முகாமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. 2021-இல் அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. ஆனால் பஸ்ஸில் இன்றைக்கும் "கேம்ப் ஸ்டாப்பிங் யாருப்பா" என்றுதான் சத்தம் வரும்.

அந்தப் பக்கம் ஒரு மின்னொளி கபடிப் போட்டிக்குப் போயிருந்தேன். ராத்திரி மேட்ச் போட்டோ எடுப்பது பகலில் எடுப்பது மாதிரி இல்லை. ரெய்டர் பாய்கிற நொடியை உறைய வைக்க ஷட்டர் 1/500-க்குக் கீழே போகக் கூடாது. லைட்டோ கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு நூறு தடவை துடிக்கும். வரிசையாகப் பத்து ஃப்ரேம் எடுத்தால் மூன்று மஞ்சள், இரண்டு இருட்டு. ஈஈஈ பசங்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி, எனக்கு அன்றைக்கு நூறு போட்டோ போனது. பெரிய லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு 50 எம்எம்-ஐ எஃப் 1.8-இல் திறந்து, ஐஎஸ்ஓ 6400 வைத்து, நடுக்கோட்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். களம் மொத்தமே 13-க்கு 10 மீட்டர்தான். ரெய்டர் திரும்பிக் கோட்டைத் தொடப் பாயும்போது முகம் நம் பக்கம் இருக்கும், நாலு பேர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். 1965 மே 25-இல் முகமது அலி, லிஸ்டனைக் கீழே தள்ளி மேலே நின்று கத்துகிற படம் எல்லோரும் பார்த்ததுதான். எடுத்த நீல் லீஃபருக்கு அப்போது 22 வயது. அதே பத்திரிகையின் சீனியர் போட்டோகிராபர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார், அலியின் கால்களுக்கு நடுவே அவர் தலை தெரியும். உட்கார்ந்த இடம் அப்படி.

அன்றைக்கு மைக் பிடித்து வர்ணனை செய்தவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஐம்பது வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மைக், இன்னொரு கையில் டீ. பாயிண்ட் சொல்லும் இடைவெளியில் எல்லாம் ஜோக். "வெள்ளைச் சட்டை போட்ட மாப்பிள்ளை கொஞ்சம் நகருங்க, கோட்டுக்கு உள்ளே வந்தா உங்களையும் பிடிச்சிருவாங்க." என்னையும் விடவில்லை. "கேமரா தம்பி, ஆட்டத்தைப் பிடிக்கிறியா, இல்ல கொசுவைப் பிடிக்கிறியா?" ஐந்நூறு பேர் சிரித்தார்கள். சத்தியமாக அந்த மாதம் நான் பார்த்த நல்ல க்ரவுட் வொர்க் அதுதான். டிக்கெட் இல்லை, ஸ்பெஷல் இல்லை, ஸ்டாண்ட்அப் என்ற பெயர்கூட அதற்கு இல்லை. கவனித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அவர் பார்வையாளரைக் கலாய்த்தார், கமிட்டிக்காரரைக் கலாய்த்தார், தன் தொப்பையைக் கலாய்த்தார். பிடிபட்டுக் கீழே கிடந்த ஆட்டக்காரரைப் பற்றி மட்டும் ஒரு ஜோக் வரவில்லை. ஒரு பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது மைக்கையே ஆஃப் செய்துவிட்டார்.

அன்றைக்கு நன்றாக ஆடியவர் முகாமைச் சேர்ந்த ஓர் அண்ணன். பகலில் பெயின்ட் வேலை. வீட்டு ஆட்களிடம் ஒரு தமிழ், மைதானத்தில் எங்களிடம் ஒரு தமிழ். கடைசி ரெய்டில் அவரை ஐந்து பேர் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். தலை கீழே, கால் மேலே, வாய் முழுக்க மண், ஒரு பக்கம் ஷார்ட்ஸ் ஏறிப்போய்... ஃபோகஸ் ஊசி மாதிரி விழுந்திருந்தது. டெக்னிக்கலாக நான் எடுத்ததிலேயே சிறந்த போட்டோ.

ஹாஸ்டலுக்கு வந்து குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: "இன்டர்னல் மார்க் பார்த்ததும் நான்." அவ்வளவுதான். ராத்திரிக்குள் மூன்று குரூப், காலையில் வேறு காலேஜ், ரெண்டு நாளில் ஒரு மீம் பக்கம். ஒவ்வொரு ஷேருக்கும் எனக்கு உள்ளுக்குள்ளே ஜில்லென்று இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஒரு வாரம் கழித்து அதே மைதானத்துக்கு வாலிபால் எடுக்கப் போனேன். அந்த மைக் அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, நீ எடுத்ததா அது? அவன் இப்ப ஆட வர்றதில்லப்பா. சைட்டுல கூட வேல செய்யிற பசங்க போனைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறானுங்களாம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நண்பர்களிடம் சொன்னபோது, "ஒரு மீமுக்கு இவ்வளவு ஃபீலிங்கா மச்சி, வடிவேலுவை வச்சுப் போடலையா?" என்றார்கள். நியாயமான கேள்விதான், நானும் யோசித்தேன். 2019 மே மாதம் சிவில் இன்ஜினியரிங் பக்கம் ஒன்றில் யாரோ சுத்தியல் படம் போட்டு 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்டதற்கு நம்ம ஆள் ஒருவர் பதில் எழுதப்போய், 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று உலகமே டிரெண்ட் ஆனது ஞாபகமிருக்கும். 2001-இல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தின் கான்ட்ராக்டர் நேசமணி. தலையில் சுத்தியல் விழுவது வடிவேலுவின் வேலை. எப்படி விழுந்தால் சிரிப்பு வரும் என்று கணக்குப் போட்டு, டேக் வாங்கி, சம்பளம் வாங்கி நடித்தார். ஓபன் மைக்கில் நிற்பவரும் அப்படித்தான், தன் மானத்தைத் தானே கொண்டுவந்து மேடையில் வைக்கிறார். ரெய்டர் ஜோக் சொல்ல வரல. பாயிண்ட் எடுக்க வந்தார்.

விழுவதைப் படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. லீஃபர் படத்தில் லிஸ்டன் மல்லாந்துதான் கிடக்கிறார். விழுவதும் ஆட்டம்தான். என் போட்டோவில் தப்பு இல்லை, நான் எழுதிய ஒரு வரியில்தான் தப்பு. அந்த வரி வந்ததும் அவர் ஆட்டக்காரர் இல்லாமல் போய், என் இன்டர்னல் மார்க்குக்கு உவமையாகிவிட்டார். 'பப்ளிக் பிளேஸ்ல எடுத்தது, சட்டப்படி ஓகே' என்று ஒரு வாதமும் வரும். சட்டத்தைப் பற்றி இங்கே யார் பேசினா?

இன்னொன்றும் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வாங்கியபோது நாம் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். வைக்க வேண்டியதுதான். கண்ணகி நகர் மண்ணிலிருந்து இந்திய ஜெர்சி வரை ஒரு வழி இருந்தது, அந்தப் பொண்ணு ஏறிப் போனது. முகாமில் பிறந்து வளர்ந்த பலர் கையில் இந்தியக் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாமல் எந்த நாட்டு ஜெர்சியும் இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த அண்ணனுக்கு இந்த மின்னொளி மைதானம்தான் ஆசியாட். டிவி வராது, பேப்பரில் வராது. அங்கே கேமராவோடு உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தன்தான். அவர் ஆடியதற்கு இருக்கிற ஒரே சாட்சி என் மெமரி கார்டில் இருந்தது. அதில் நூற்றுச் சொச்சம் ஃப்ரேம் அவர் பாயிண்ட் எடுத்தது, ஒன்று விழுந்தது. நான் எதை வெளியே விட்டேன்?

போட்டோகிராபி கிளப்பில் கோரிக்கை வைத்திருக்கிறேன். லோக்கல் மேட்ச் எடுக்கப் போகிறவர்கள் அப்லோட் பண்ணுவதற்கு முன்னாடி ஆடினவர்களிடம் காட்டணும், ஆளுக்கு ஒரு பிரிண்டாவது கொடுக்கணும். சின்ன சைஸ் பிரிண்ட், ஒரு டீ வடை காசுதான் ஆகும். "ரியாக்‌ஷன் போயிடும், கன்டென்ட் லேட் ஆயிடும்" என்று எதிர்ப்பு வந்தது. லேட் ஆகட்டும். ஸ்டாண்ட்அப் பார்க்கப் போகிறவர்களும் முதல் வரிசை முகத்தை ரெக்கார்ட் பண்ணி ஸ்டோரி வைப்பதை விட்டுவிட்டால் நல்லது. அந்த மெக்கானிக்கல் ப்ரோ நாளைக்கு நானாக இருக்கலாம். இப்போதெல்லாம் நான் முதல் வரிசையில்தான் உட்காருகிறேன்.

மீம் பக்கத்துக்கு மெசேஜ் போட்டு அந்தப் படத்தை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். ஃபார்வர்ட் ஆனதை எடுக்க வழியில்லை. மூன்று பேர் மேல் விழுந்து கிடக்க, விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டிருக்கிற அவருடைய வேறு போட்டோ ஒன்றைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, முகாம் வாசல் டீக்கடை வரை ரெண்டு தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். உள்ளே போய் என்ன சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. பொங்கலுக்கு மறுபடி மின்னொளி நடத்தப் போவதாக மைக் அண்ணன் சொன்னார். "அவனையும் கூப்பிட்டுப் பாக்குறேன், நீயும் வா" என்றார். பிரிண்ட் கேமரா பையில்தான் இருக்கு. யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்க, பைக்கில் ஒரு சீட் காலி.