எந்த ஊர் என்பது இரண்டாவது கேள்வி



விடுப்பு நெருங்கும் நாள்களில் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மனைவியை அழைத்துக்கொண்டு நான்கு நாள் வெளியூர் சென்று வர எண்ணியிருக்கிறேன். மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா? உண்டென்றால், இயற்கை எழில் உள்ள எந்த ஊருக்குச் செல்லலாம்?”

அனுமதி பற்றிய பாதிக்கு விடை எளிது. ஊர் பற்றிய பாதியில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. செல்பேசியில் பார்த்த படம், மச்சான் போய்வந்த இடம், பயண முகவர் மலிவாகத் தருவதாகச் சொன்ன பேக்கேஜ் ஆகியவையே ஊரைத் தீர்மானிக்கின்றன. உடன் வரப்போகும் மனைவியிடம் “உனக்கு எங்கே போக ஆசை?” என்று கேட்பவர் மிகச் சிலரே.

இத்தகைய பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சியழகைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அந்த இருவருக்கும் அங்கே தனிமையும் மன அமைதியும் கிடைக்குமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது என்பது நம் கருத்து. அது கிடைக்குமானால் அரை நாள் தொலைவிலுள்ள சிறு மலையூரே போதும். கிடைக்காதெனில் கடல் கடந்து சென்றாலும் பயனில்லை.

நபிவழியில் இதற்கு இடம் உண்டு

“தேனிலவு என்பதெல்லாம் மேற்கத்தியர் பழக்கம், நமக்கு எதற்கு?” என்று கேட்கும் பெரியவர்கள் உள்ளனர். பெயர் வெளியிலிருந்து வந்திருக்கலாம். மனைவியோடு பயணிப்பதும், பயணத்தில் அவளுக்கென நேரம் ஒதுக்குவதும் நமக்கு அந்நியமானவை அல்ல.

நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள் என்பதும், இரவு நேரப் பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பேசிக்கொண்டே செல்வார்கள் என்பதும் புகாரியில் பதிவாகியுள்ள செய்திகள். ஒரு பயணத்தில் உடன் வந்தவர்களை முன்னே செல்லுமாறு சொல்லிவிட்டு, அன்னையாருடன் ஓட்டப்பந்தயம் வைத்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் பகுதி, மற்றவர்களை முன்னே அனுப்பியதுதான். ஒரு பெரும் சமுதாயத்தின் தலைவர், மனைவியுடன் விளையாடுவதற்காக மற்றவர் கண் படாத சற்று நேரத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். தனிமை தானாக அமையவில்லை. அதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலச் செய்தி ஒன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. கணவன் போர்முனையில் இருக்க, தனிமையில் வாடிய ஒரு பெண்ணின் குரலை இரவில் நகர்வலம் வந்தபோது அவர்கள் கேட்டார்கள். ஒரு பெண் கணவனைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அந்த விடை அறிவிக்கப்படுகிறது. அதை வைத்தே படைவீரர்களின் பணிக்காலத்தை வரையறுத்தார்கள் என்பது அறிவிப்பு. நம் ஊர்களில் ஓராண்டு, ஈராண்டு எனக் காத்திருக்கும் சகோதரிகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

விடுப்பு எங்கே போகிறது?

ஆண்டுக்கு 30 நாள், அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை 60 நாள். வளைகுடாவில் இருப்பவர் பலரின் விடுப்பு இவ்வளவே. அதில் முதல் வாரம் பெட்டி பிரிப்பதிலும் உறவினர் வருகையிலும் கழிகிறது. பிறகு விருந்துகள், நிக்காஹ் வைபவங்கள், பாதியில் நிற்கும் வீட்டு வேலை, வங்கி, ஆதார், பெற்றோருக்கான மருத்துவப் பரிசோதனை. கடைசி வாரம் மீண்டும் பெட்டி கட்டுவது. வருவோர் அனைவருக்கும் சமைத்துப் பரிமாறும் மனைவி, கணவனோடு அமர்ந்து நிதானமாகப் பேசியது எத்தனை மணி நேரம்?

உறவைப் பேணுவதும் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதும் கடமைகள். அவற்றைக் குறைக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆனால், மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்பதும் நபிமொழி தரும் பாடமே. கூட்டுக்குடும்பத்தில் தாளிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறைகூடத் தம்பதியருக்கு வாய்க்காத வீடுகள் நம்மிடையே நிறைய. அத்தகையோருக்கு இந்த மூன்று நான்கு நாள்கள் ஆடம்பரம் ஆகா, தேவை.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்

முதற்கண் மனைவியிடம் கேளுங்கள். மலைப்பாதை அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா? கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, ஏற்காட்டுக்கு 20. வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவரை, அல்லது கருவுற்றிருப்பவரை, கொல்லிமலைக்கு அழைத்துச் செல்வது அன்பாகாது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ கடலைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு மலையும் மூடுபனியும் புதுமை. உள்நாட்டு ஊர்களில் வளர்ந்தவள் கடற்கரையை விரும்பலாம். கேட்டால்தானே தெரியும்?

அடுத்தது கூட்டம். மே மாதத்தில் ஊட்டியும் கொடைக்கானலும் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இவ்விரு இடங்களுக்கும் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதும், 2025 ஏப்ரலில் வாகனங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கொண்டுவரப்பட்டதும் அந்த நெரிசலால்தான். போக்குவரத்தில் இரண்டு மணி நேரம், படகுக்கு ஒரு மணி நேரம் எனக் கழியும் நாளில் தனிமைக்கு இடமேது? புர்கா அணிந்த மனைவி, நெரிசலில் தன்னை ஒதுக்கி ஒதுக்கி நடப்பதிலேயே களைத்துப் போகிறாள். குற்றாலத்தின் சாரல் இன்பமானதுதான். ஆனால் சீசன் காலத்து ஞாயிற்றுக்கிழமை அருவிக்கரை தம்பதியருக்கு ஏற்ற இடம் அன்று. விடுப்பில் இருப்பவருக்கு எல்லா நாளும் விடுமுறையே. ஆகவே, திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமும் குறையும், அறை வாடகையும் பெரும்பாலும் குறையும்.

மூன்றாவது பருவம். பள்ளி விடுமுறையை ஒட்டி வளைகுடாவிலிருந்து பலரும் வருவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவு எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அம்மாதங்களில் வயநாடு, மூணாறு, வால்பாறை ஆகியவற்றைத் தவிர்த்து, மலையின் கிழக்குப் பக்கமுள்ள கோத்தகிரி போன்ற ஊர்களை நாடுவது நல்லது; அங்கே அப்போது மழை குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நீலகிரியின் கிழக்குச் சரிவுகளில் மண்சரிவு நேர்வதுண்டு. அப்போது கணக்கு மாறும். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திருப்பது.

நான்காவது தொழுகையும் உணவும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் ஆகியவற்றில் பள்ளிவாசல்களும் ஹலால் உணவும் உண்டு. தேயிலைத் தோட்டங்களுக்குள் ஒதுங்கிய விடுதி என்றால் சமையல் வசதி உள்ளதா என முன்னரே கேட்டுக்கொள்க. தொழுகையைக் கஸ்ராகச் சுருக்குவதற்கான தொலைவு ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் அந்தச் சலுகை இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஏலகிரிக்குச் செல்பவருக்குக் கஸ்ரே இல்லை. முழுமையாகத் தொழ வேண்டும். ஐயமிருப்பின் புறப்படும் முன் ஊர் இமாமிடம் தெளிவு பெறுக. அமைதியான ஊரில், குளிர்ந்த விடியலில், கணவன் முன் நிற்க மனைவி பின் நின்று இருவருமாக ஃபஜ்ரு தொழுவதும் அந்தப் பயணத்தின் அழகில் சேர்ந்ததே.

அருகிலுள்ளவை போதும்

இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் தொலைவான ஊர்கள் தாமாகவே பின்தங்கிவிடும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியினருக்கு ஏலகிரி பக்கத்திலேயே உள்ளது. சேலம், நாமக்கல் பகுதியினருக்கு ஏற்காடு. கம்பம், உத்தமபாளையம் பகுதியினருக்கு மேகமலை. வனத்துறைச் சோதனைச் சாவடியில் மாலைக்குப் பின் வாகனங்களை விடமாட்டார்கள் என்பதால் பகலிலேயே ஏறிவிட வேண்டும். கோவைப் பகுதியினருக்குக் குன்னூரும் கோத்தகிரியும்.

குன்னூருக்குச் செல்வோர் இயன்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் செல்லலாம். உதகை வரையிலான 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பாதை அது. பேருந்து விரைவாகச் சேர்த்துவிடும்தான். ஆனால், சேர்வதற்கு அவசரம் இல்லாத பயணம் இது ஒன்றே. குகைகளையும் பாலங்களையும் கடந்து மெல்ல ஊர்ந்து செல்லும் வண்டியில் அருகருகே அமர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்திருப்பதே பாதிப் பயணம்.

வெளிநாடு செல்ல வசதியுள்ளோர் சிலர் “முஸ்லிம் நாடுதானே” என்று மாலத்தீவைத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே மக்கள் வாழும் தீவுகள் வேறு, சுற்றுலா விடுதித் தீவுகள் வேறு. மது முன்னதில் தடை, பின்னதில் அனுமதி. உடை விஷயத்திலும் அப்படியே. செல்வதானால் எந்தத் தீவு, எத்தகைய விடுதி என்று விசாரித்துச் செல்ல வேண்டும். நாட்டின் பெயர் மட்டும் நமக்குப் பாதுகாப்பு ஆகாது.

கடனில் வாங்கும் பிரிவு

தவணையில் பயணம், கடன் அட்டையில் விடுதி என்னும் விளம்பரங்கள் இப்போது பெருகியுள்ளன. வட்டி ஹராம் என்பது அனைவரும் அறிந்ததே. அதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வேறொரு கணக்கைச் சொல்கிறோம். இலட்சம் ரூபாய் கடன் வாங்கி வெளிநாடு சென்று வந்த கணவன், அதை அடைக்க அடுத்த விடுப்பை ஆறு மாதம் தள்ளிப்போடுகிறான். நான்கு நாள் நெருக்கத்துக்கு ஆறு மாதப் பிரிவு விலை. இந்த வணிகத்தில் நட்டம் யாருக்கு? கையிலுள்ள பணத்தில் இரண்டு இரவுகளே இயலுமென்றால் இரண்டு இரவுகள் போதும். அதற்கும் இயலாதவர், பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு நாள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தொலைவுக்குச் சென்று வரலாம். நிய்யத் ஒன்றே.

கைப்பேசியும் பெரியவர்களும்

தனிமைக்காகச் செல்லும் பயணத்தை மணிக்கொரு முறை நிலைத்தகவலில் ஏற்றினால், முன்னே அனுப்பப்பட்ட கூட்டத்தை நாமே திரும்ப அழைத்ததாகிவிடும். மனைவியின் படம் அமானத். நினைவுக்கு நான்கு படங்கள் எடுத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார், மாமியார்களாக இருப்போருக்கும் ஒரு சொல். “வந்ததும் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டான்” என்ற ஒரு வாக்கியம், அந்தப் பயணம் முழுவதையும் மருமகளுக்குக் குற்றவுணர்வாக மாற்றிவிடுகிறது. மகன் உங்களுக்குரிய நாள்களை உங்களுக்குத் தந்த பிறகும் அவளுக்கென நான்கு நாள் மிஞ்சக் கூடாதா? “நாங்களும் வருகிறோம், ஒரு வேன் பிடித்துவிடுவோம்” என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. குடும்பச் சுற்றுலா நல்லதுதான். அதை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை பேரப்பிள்ளைகளை நீங்களே வைத்துக்கொண்டு, “போய் வாருங்கள்” என்று துஆவோடு அனுப்பிப் பாருங்கள். உங்கள் மகளை அவளுடைய மாமியார் இப்படி அனுப்பினால் எவ்வளவு மகிழ்வீர்கள்!

சகோதரர்களுக்கு இறுதியாக: விமானச் சீட்டு எடுக்கும் அன்றே அந்த நான்கு நாள்களையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘மீதமிருந்தால் பார்க்கலாம்’ என்று விட்ட நாள்கள் எந்த விடுப்பிலும் மீதமானதில்லை. நாள்களைக் குறித்த பின் மனைவியைக் கேளுங்கள். ஊரை அவள் சொல்வாள்.

கணவன் மனைவியரிடையே அன்பையும் கருணையும் அமைத்துத் தந்த வல்ல இறைவன், பிரிவில் வாழும் நம் குடும்பங்களின் உள்ளங்களை இணைத்து வைப்பானாக. ஆமீன்.