சுண்டெலி மட்டும் போதாது!

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறியிருக்கிறீர்களா? வழியெல்லாம் குரங்குகள். பஸ் நின்றால் போதும், கையிலிருக்கும் வாழைப்பழம் போச்சு! 'அப்படியே மனுஷப் புத்தி' என்று சிரிப்போம். ஆனால், அதன் மூளையும் நம் மூளையும் ஒன்றா? சுண்டெலியின் மூளை?

எல்லா செல்லிலும் இருப்பது ஒரே ஜீன் தொகுப்புதான். ஆனால், எல்லா ஜீன்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் கரண்ட் எல்லா அறைக்கும்தான் வருகிறது. மிக்ஸி ஓடினால் சமையலறை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அதேபோல், எந்த ஜீன் வேலை செய்கிறது என்பதைப் பார்த்து மூளை செல்களை வகை பிரிக்கிறார்கள். 2023-ல் மனித மூளையில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட வகைகளைக் கண்டார்கள்!

2019-ல் அமெரிக்காவின் ஆலன் ஆய்வு நிலையம், சுண்டெலி மூளையின் செல்களையும் நம்முடையதையும் ஒப்பிட்டது. வகைகள் பெரும்பாலும் பொருந்தின. ஆனால் செரோடோனினை ஏற்கும் ஜீன்கள் பல, எலியில் ஒருவகை செல்லிலும் மனிதனில் வேறுவகை செல்லிலும் வேலை செய்தன. மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் இந்த செரோடோனினைக் குறிவைப்பவைதான்! அதற்காக, நீங்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது மனிதர்களிடம் சோதித்து வந்தது. எலியைக் குணமாக்கிய புது மருந்து நம்மிடம் ஏன் தோற்கிறது என்பதற்குத்தான் இது ஒரு விடை.

ஆக, மனித மூளையையே ஆராய வேண்டும். பெங்களூர் நிமான்ஸில் 1995-லிருந்து மூளை வங்கி இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி., கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் உலகுக்கே இலவசமாகக் கொடுத்தது. நம்மவர்களுக்குத் திறமை இருக்கிறது. தேவை, நம் சம்மதம்.

கண் தானம் என்றால் உடனே தலையாட்டுகிறோம். மூளை என்றதும், 'ஐயையோ, அது எதுக்கு?' என்கிறோம். பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துபோன தாத்தா உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர் பேரன் காலத்திலாவது மருந்து வர வேண்டாமா?

துக்க வீட்டில் பேசுகிற விஷயமில்லை இது. நல்லா இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேசிவிடுங்களேன்!