தன்னம்பிக்கை மட்டும் இருந்தால் போதுமாம்!

"செய்கிற வேலை பிடிக்கவில்லையா? உன்னை நம்பு. துணிந்து குதி!"

போன வாரம் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் இப்படி முழங்க, எங்கள் பி.காம். வகுப்பே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். கறம்பக்குடிக்கு பஸ் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது. குதிக்கிறவனைக் கீழே யார் பிடிப்பார்கள் என்று அவர் சொல்லவே இல்லையே!

என்னைக் கேட்டால், தொழில் மாறுகிறவனுக்கு முதலில் வேண்டியது துணிச்சல் இல்லை. ஆட்கள். கடன் தர ஒருத்தர், வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர், தடுமாறும்போது கூட நிற்க நாலு பேர்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தையே பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், கான்ட்ராக்டரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே கல்தான். ஆனால் கூலிக்காரி குத்தகைக்காரி ஆவது சின்ன மாற்றமா? கணக்கு பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், ஆபீசுக்கு அலைய வேண்டும். கான்ட்ராக்டர்களின் எதிர்ப்பு வேறு.

அவர்களிடம் யாரும் "உன்னை நம்பு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடவில்லை. அறிவொளி இயக்கத் தொண்டர்கள் ஊருக்கே வந்து எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே சைக்கிளும். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க முயற்சி எடுத்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றதும் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். ஓட்டத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பழக்கிவிட்டார். குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று எல்லோரும் மிதித்தார்கள். அந்தப் பெண்களுக்குத் துணிச்சல் இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருந்ததால் அந்தத் துணிச்சல் செல்லுபடியானது என்கிறேன்.

"அது அரசாங்கம் செய்ததுப்பா, நமக்கு யார் செய்வா?" என்பீர்கள். நம்ம பக்கம் மொய் விருந்து இல்லையா? ஆடி, ஆவணி வந்தால் கறி விருந்து, மொய் நோட்டு. வட்டியில்லாமல் முதல் சேருகிறது. அதை வைத்துக் கடை போட்டவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்கள் உண்டு. வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்கிறோம். எந்தக் காமர்ஸ் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு!

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. முன்னால் மொய் செய்ய வசதி இருந்தவனுக்குத்தான் திரும்பி வரும். இல்லாதவன் பந்தலுக்கு வெளியேதான். அதோடு, மொய் நோட்டு பணம் தரும், தொழில் சொல்லித்தராது. 2018 நவம்பரில் கஜா புயல் நம்ம பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, தென்னையை மட்டுமே தெரிந்தவர்களுக்கு வேறு வேலை சொல்லித்தர எந்த நோட்டிலும் பெயர் இல்லை.

நண்பர்களே, டிகிரி முடித்த பிறகு நாமும் ஒன்றிரண்டு தடவையாவது வேலை மாறத்தான் போகிறோம். அன்றைக்குப் போன் போட்டு "மச்சி, எதாவது வேலை இருக்கா?" என்பதற்குப் பெயர் நெட்வொர்க் இல்லை, கெஞ்சல். இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுவோம். ஜி.எஸ்.டி. தெரிந்தவன், டாலி தெரிந்தவள், கடை நடத்துகிற வீட்டுப் பிள்ளை, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவன் என்று எழுதுவோம். யாருக்கு எது தெரியும், யார் யாருக்குச் சொல்லித்தந்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒன்றும் தெரியாதவனுக்கும் அதில் முதல் பக்கத்திலேயே இடம் வேண்டும்.

இந்த மொய்யை நான் ஆரம்பிக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் புரியாதவர்கள் சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். கறி விருந்து மட்டும் கேட்காதீர்கள்!