புருவத்தில் குடியிருக்கும் திமிர்

சில ஆங்கில வார்த்தைகள் பார்த்தவுடனே ஏமாத்திடும். 'சூப்பர்சிலியஸ்' அந்த ரகம். முன்பாதி 'சூப்பர்', பின்பாதி 'சில்லி' மாதிரி காதில் விழும். "சூப்பரான அசடு"ன்னு யாராவது அர்த்தம் பண்ணிக்கிட்டா அவங்க மேல தப்பு சொல்ல முடியாது :-) ஆனா அது ரெண்டுமே இல்லை. அகராதியைப் புரட்டினா 'இறுமாப்புள்ள', 'அகந்தையான' என்று ஒரு வரி போட்டுட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிடும். எனக்கு அந்த ஒரு வரியோடதான் சண்டை.

வார்த்தையோட பூர்வீகம் லத்தீன். 'சூப்பர்' என்றால் மேலே. 'சிலியம்' என்றால் கண்ணிமை. இமைக்கு மேலே என்ன இருக்கு? புருவம். அதுதான் 'சூப்பர்சிலியம்'. புருவத்தை ஒட்டின நெற்றி எலும்பு மேட்டுக்கு மருத்துவ மாணவர்கள் இன்னிக்கும் 'சூப்பர்சிலியரி ஆர்ச்' என்றுதான் படிக்கிறாங்க. புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறதே ஒரு குணத்துக்கு அடையாளமாகி, லத்தீனிலேயே அந்தச் சொல்லுக்குச் செருக்கு என்ற பொருளும் வந்துடுச்சு. 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைஞ்சப்பவும் அதே பொருள்தான்.

ஆக இது வெறும் அகந்தை இல்லை. வாயே திறக்காம, "நீயெல்லாம் ஒரு ஆளா"ன்னு முகத்தால் சொல்றது. 1872-இல் டார்வின் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதின புத்தகத்தில் அலட்சியத்தைப் பற்றியும் பேசறார். இமையைப் பாதி மூடறதும் கண்ணை வேற பக்கம் திருப்பறதும் அதோட அடையாளமாம். எதிரில் இருக்கிறவன் பார்க்கக்கூட லாயக்கில்லை என்று காட்டுகிற வேலை.

இதோட ஒன்றுவிட்ட சொந்தங்களைப் பக்கத்தில் நிறுத்தினா வித்தியாசம் தெரியும். 'கன்டெம்ப்ச்சுவஸ்' என்பதில் வெறுப்பு இருக்கு. அவன் உங்களைத் திட்டக்கூடும். 'கன்டிசெண்டிங்' என்பது மேலேர்ந்து இறங்கி வந்து பேசறது. ஒரு காலத்தில் அது பாராட்டாகவும் இருந்தது. ஜேன் ஆஸ்டினோட 1813 நாவல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ல் காலின்ஸ் பாதிரியார், லேடி கேதரினிடம் இருக்கும் அந்தக் குணத்தை வாய் வலிக்கப் புகழ்வார். நம்ம 'சூப்பர்சிலியஸ்' ஆசாமி இறங்கியே வர மாட்டான். கோபப்படவும் மாட்டான். அதுக்கெல்லாம் நீங்க தகுதியில்லையே!

தெருச்சண்டையில் யாரும் இந்த வார்த்தையைச் சொல்லித் திட்டறதில்லை. அதுக்கு 'ஸ்னூட்டி' போதும். இது எழுத்தில் புழங்கற வார்த்தை. சிரிப்பு, பார்வை, குரல், தோரணை, இதுகளுக்கு முன்னாடி வந்து உட்காரும். 1925-இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் டாம் புக்கானன் என்கிற பணக்காரன் அறிமுகமாகிற இடத்திலேயே அவன் தோரணைக்கு இந்த அடைமொழிதான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'புருவத்தை உயர்த்தினான்' என்று எழுதினா கதை கெட்டது. நமக்கு அது ஆச்சரியம். தொல்காப்பியம் சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலையும் சொல்லுது, ஆனா எள்ளலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். இதில் சத்தமே இல்லையே. 'ஏற இறங்கப் பார்த்தான்', 'மிதப்பா ஒரு பார்வை', 'இளக்காரமா பார்த்தான்', இவைதான் சரியா உட்காருதுன்னு எனக்குத் தோணுது.

இவ்வளவு எதுக்கு இழுக்கறேன்னா, இந்த நுணுக்கம் தெரியாம போனா நஷ்டம் நமக்குத்தான். எங்க பெரியப்பா ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் தமிழில் பூர்த்தி பண்ணிக் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் பார்த்தார், பெரியப்பா வேட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வேற ஒரு தாளை நீட்டினார். அவ்வளவுதான். தமிழில் எழுதக்கூடாதுன்னு எங்கேயும் போடலை. புகார் சொன்னா, "நான் என்ன சார் தப்பா சொன்னேன்?"ம்பார். வாஸ்தவம், ஒண்ணும் சொல்லலை. ஆனா பெரியப்பா அதுக்கப்புறம் அந்தப் படி ஏறலை. இப்போ அவர் வேலைக்கெல்லாம் நான்தான் போறேன்.

திட்டினா சாட்சி உண்டு, பதிலும் உண்டு. பார்வைக்கு எதுவும் கிடையாது. அதனாலதான் அதுக்கு ஒரு பேர் இருக்கணும்ங்கிறேன். பேர் இருந்தாலாவது, "என்னமோ மனசு சரியில்லை"ன்னு வீட்டுக்கு வந்து முடங்காம, நடந்தது இன்னதுன்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. நம்மளைவிட விஷயம் தெரிஞ்சவர் தப்பைத் திருத்தினா உடனே இந்த முத்திரையைக் குத்திடாதீங்க. உட்கார்ந்து விளக்கிச் சொல்றவர் தன் நேரத்தை உங்களுக்குக் கொடுக்கிறார். இந்தப் புருவக்காரன் அதைக்கூடக் கொடுக்க மாட்டான்.

உங்க ஊர்ப்பக்கம் இந்தப் பார்வைக்கு என்ன சொல்வீங்க? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க, சேர்த்து வச்சுக்கறேன்.