காயத்தை ஒட்டும் பசையும் நலக் குறிப்புப் படிவமும்



ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் நிரப்பித் தரும் நலக் குறிப்புப் படிவத்தில் ஒவ்வாமை பற்றிய வினாவுக்கு நிலக்கடலை, இறால், பெனிசிலின் என உணவும் மருந்துமே விடையாக வருகின்றன. தோலில் ஒட்டும் பொருள்களையும் அதில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

திடலில் விழுந்து நெற்றி கிழிந்த பிள்ளைக்குத் தையலுக்குப் பதிலாக மருத்துவப் பசையால் காயத்தை ஒட்டுவது இன்று இயல்பாகிவிட்டது. இது சயனோஅக்ரிலேட் வகைப் பசை. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெர்மாபாண்ட் ஒப்புதல் பெற்ற பின் இம்முறை பரவியது. தையல் பிரிக்கும் தொல்லை இல்லை. 5 முதல் 10 நாளில் பசை தானே உதிர்ந்துவிடும். (கடையில் விற்கும் உடனடிப் பசையைக் காயத்தில் தடவுதல் ஆகாது.) இதன் நன்மையை நான் மறுக்கவில்லை.

எனினும், சிலரின் உடல் இப்பசையை ஏற்பதில்லை. ஒவ்வாமை உடனே தெரியாது என்பதே இதிலுள்ள சிக்கல். சில நாளோ, ஓரிரு வாரமோ கழித்துத்தான் கடும் அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் தோன்றும். அதற்குள் பிள்ளை பள்ளிக்குத் திரும்பியிருப்பான். அடுத்த முறை அதே பசை பட்டால், விரைவாகவும் கடுமையாகவும் வெளிப்படக்கூடும்.

என் மாணவி ஒருத்திக்குக் குடல்வால் அறுவைக்குப் பின் இவ்வாறு நேர்ந்தது. சீழுமில்லை, காய்ச்சலுமில்லை, ஆயினும் நோய்த்தொற்று என்று கருதி மருந்து தரப்பட்டது. தடிப்பு பசை தடவிய இடத்தின் வடிவிலேயே இருந்ததைப் பின்னர் ஒரு தோல் மருத்துவரே கண்டறிந்தார். கிருமிக்கான மருந்து ஒவ்வாமையைத் தீர்க்காது. எஞ்சிய பசையை மருத்துவர் அகற்றி, உரிய களிம்பு தர வேண்டும்.

ஆசிரியர்களே, காயத்தைச் சொறியும் பிள்ளையைக் கண்டிப்பதோடு நில்லாதீர்கள். அன்றே வீட்டுக்குத் தெரிவியுங்கள். பெற்றோர்களே, எப்பசை பயன்பட்டது எனக் கேட்டுக் குறித்து வையுங்கள். பிளாஸ்திரி ஒட்டினாலே தோல் தடிக்கும் பிள்ளையாயின், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சீழ், காய்ச்சல், மிகுவலி இருப்பின் அது நோய்த்தொற்றாகவும் இருக்கலாம். எதுவாயினும் வீட்டில் முடிவு செய்யாமல் மருத்துவரை நாடுங்கள்.

படிவத்தில் ஒரு வரி கூடுதலாக எழுத ஒரு நிமிடம் போதும். அடுத்த அவசரத்தில் பிள்ளைக்காகப் பேசப்போவது அந்த வரிதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்