'மெஸ்' என்ற சொல்லும் நம் வேர்ச்சொல் வியாதியும்

அண்மையில் மதுரைக்கு அருகே ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரை வாசித்தவர், நம் ஊர்த் தெருக்களில் பெயர்ப்பலகையாகத் தொங்கும் 'மெஸ்' என்ற சொல் 'மிசை' என்னும் தமிழ் வினையிலிருந்து பிறந்து மேற்கே போனது என்றார். அரங்கு கைதட்டியது. கைதட்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முன்வரிசையில் இருந்த முதுகலை மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இதை எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

'மிசைதல்' என்றால் உண்ணுதல்; உண்மை. குறளின் விருந்தோம்பல் அதிகாரத்திலேயே அந்த வினை இருக்கிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்தால் யாருக்கும் ஆசை பிறக்கும். ஆனால் சொற்பிறப்பியல் என்பது ஆசை அல்ல, வழித்தடம். ஒரு சொல் எந்த வழியாக, எந்த வடிவில், எந்தப் பொருளோடு வந்தது என்று படிப்படியாகக் காட்டியாக வேண்டும்.

'மெஸ்' விஷயத்தில் அந்தத் தடம் தெளிவாகவே கிடைக்கிறது. லத்தீனில் 'மித்தெரே' என்றால் அனுப்புதல். பிற்கால லத்தீனில் வைத்தல் என்ற பொருளும் சேர்ந்தது. அதன் எச்ச வடிவமான 'மிஸ்ஸுஸ்', மேசையில் கொண்டுவந்து வைக்கப்படும் ஒரு சுற்று உணவைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் அது 'மெஸ்' ஆனது. 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நுழைந்தது. 15ஆம் நூற்றாண்டில் சேர்ந்து உண்ணும் குழுவையும், 16ஆம் நூற்றாண்டில் அப்படி உண்ணும் இடத்தையும் குறிக்கத் தொடங்கியது. படையினரின் உணவுக்கூடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது. வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு நம் நாட்டுக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரர்களே படை அதிகாரிகளின் உணவுக்கூடத்துக்கு ஆங்கிலத்திலிருந்து 'மெஸ்' என்பதைத் திரும்பக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பழஞ்சொல் 'மே' என்ற உச்சரிப்போடு தனியே வாழ்கிறது.

இனி இலக்கணம். 'மிஸ்ஸுஸ்' என்பதில் உள்ள இரட்டை ஸகரம் வேரில் இல்லை. வேரில் இருப்பது தகரம். எச்ச விகுதி சேரும்போது லத்தீன் புணர்ச்சி விதிப்படி அது ஸகரமாகிறது. 'மிசை'யிலோ சகரம் வேரிலேயே இருக்கிறது. ஆக, இரண்டு சொற்களும் ஒத்திருப்பதாகத் தோன்றும் அந்த ஒரே இடம், ஒன்றில் வேர், மற்றொன்றில் விகுதியின் விளைவு. வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. உறவு தேட வேண்டுமானால் நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியின் 'மிஷன்' இருக்கிறது. அனுப்பப்பட்டவர்களின் பணி மிஷன். மேசைக்கு அனுப்பப்பட்டது மெஸ். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நிற்க. எதிர்த்தரப்பிலும் ஒரு கூட்டம் உண்டு. "ஆங்கிலத்தில் மெஸ் என்றால் அலங்கோலம், அந்தப் பெயரைப் பலகையில் எழுதிச் சோறு விற்கிறார்களே" என்று சிரிப்பவர்கள். ஆங்கிலம் அறிந்ததால் வந்த சிரிப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். அரைகுறையாக அறிந்ததால் வந்தது. அலங்கோலம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. கலவை உணவு, விலங்குத் தீனி என்று இழிந்து, பிறகு குழப்பமாயிற்று. அயிரை மீன் குழம்பும் எலும்பு ரோஸ்ட்டும் பரிமாறும் மதுரைக்காரர், சிரிப்பவரை விடச் சில நூற்றாண்டுகள் பழைய, சரியான பொருளில்தான் சொல்லை ஆள்கிறார்.

தமிழ் உலகுக்குச் சொல் கொடுக்கவில்லையா? கொடுத்திருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'முல்லகட்டானி' என்ற பெயரில் ஆங்கிலேயரின் சூப்புக் கிண்ணத்தில் ஏறியது. இவற்றுக்குச் சான்று உண்டு, யாரிடமும் சொல்லலாம். பொய்க்கணக்கு நான்கை இவற்றோடு சேர்த்தால், கேட்பவர் மெய்க்கணக்கையும் நம்பமாட்டார். தமிழ்த்துறைக்கு இதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை.

இன்னொன்றையும் கருத்தரங்கில் யாரும் கேட்கவில்லை. சேர்ந்து உண்பவர் குழு என்ற பொருள் நம் விடுதிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாதச் செலவை உண்டவர் தலைக்கு வகுத்துக் கட்டும் 'டிவைடிங் சிஸ்டம்' அதுதானே? ஆனால் யாருடன் சேர்ந்து என்பதே நம் கேள்வி. 'பந்தி' என்று நாம் உரிமையோடு சொல்லும் சொல், வரிசை என்னும் பொருளுள்ள வடமொழிப் 'பங்க்தி'யின் மகன். அந்த வரிசையில் யாரை உட்காரவிடுவது என்பதில்தான் 1924-25இல் சேரன்மாதேவி குருகுலம் தமிழகத்தையே உலுக்கியது. பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு என்பதே வழக்கு. அங்கே சண்டையை மூட்டியது சொல்லின் பிறப்பு அல்ல, உண்பவனின் பிறப்பு.

சொல் எங்கிருந்து வந்தால் என்ன? இலை போட்டபின் எவரையும் எழுப்பாத இடம் எதுவோ, அங்கே தொங்கும் பலகையில் உள்ள சொல் தமிழ்ச்சொல்தான். குறிப்பெடுத்த மாணவர்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.